அடுப்பு யாருடையது? – கேஸ் அடுப்பு ரிப்பேர் பற்றிச் சில குறிப்புகள்

ஏலகிரியில் நாங்கள் இருக்கும் தெருவில், நான்கு வீடு தள்ளி ஒரு ஆயா இருக்கிறார். போன ஜனவரியில் அவர் வீட்டுப் பக்கம் போனபோது, விறகடுப்பில் டீ போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துத் திட்டில் கேஸ் அடுப்பு ஒன்று சாக்குப் போட்டு மூடியிருந்தது. மேலே முறம், வெங்காயக் கூடை. சிலிண்டர் மூலையில் நின்றது, பாதிக்கு மேல் கேஸ் இருந்தது.

"ஏன் ஆயா, கேஸ் இருக்கே?"

"இருக்குது கண்ணு. எரியல. மஞ்சளா புகையுது, சட்டியெல்லாம் கரி. ரெண்டு வருசமாச்சு."

"ரிப்பேருக்குக் கொடுக்கலையா?"

"யாரு வருவாங்க மலைக்கு?"

அந்த அடுப்பு கலைஞர் ஆட்சியில் கொடுத்த இலவச அடுப்பு. எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் வேலைக்காரனுக்கு இது ஒரு வியாதி, ஏதாவது ஓடவில்லை என்றால் கை சும்மா இருக்காது. அன்றைக்கு ஆரம்பித்த நோண்டல்தான் இந்தக் குறிப்பு. அடுப்பை மட்டும் அல்ல, அதன் வரலாற்றையும் கொஞ்சம் நோண்டினேன்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். பர்னரைக் கழுவினேன், சரியாகவில்லை. அடுத்து, கேஸ் வெளிவருகிற பித்தளை ஜெட்டில் ஒரு தையல் ஊசியை விட்டுக் குத்தினேன். ஆயா தலையில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பற்றவைத்தால், தீ முன்பைவிடப் பெரிதாக, முன்பைவிட மஞ்சளாக வந்தது. உடனே என் மூளை ஒரு பெரிய தத்துவத்தைக் கண்டுபிடித்தது: "மலைமேல் காற்று அடர்த்தி குறைவு, அதனால்தான்."

அதில் பாதி உண்மை உண்டு. ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம். சமவெளியைவிட இங்கே காற்றழுத்தம் 12 சதவீதம் போலக் குறைவு. தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் 96 டிகிரி சொச்சத்திலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாவது அதனால்தான். ஆனால் என் வீட்டு அடுப்பும் இதே மலையில்தான் நீலமாக எரிகிறது. அது அப்போது உறைக்கவில்லை.

ஜெட்டையும் பர்னரையும் கழற்றிக்கொண்டு பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வாணியம்பாடி போனேன். (ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு தமிழ்ப் புலவர் அல்லது வள்ளல் பெயர் வைத்திருக்கிறார்கள். வாந்தி வராமல் படிக்க முடிந்தால் நல்ல பாடம்.) அங்கே ஒரு சந்தில் ஸ்டவ் ரிப்பேர் செய்யும் பாய் ஒருவர் இருக்கிறார், வயது எழுபதுக்கு மேல். ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இத யாரு குத்துனது?"

"நான்தான் பாய்."

"என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.இ."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. புது ஜெட்டை எடுத்து வைத்தார். விலை ஒரு டீ, ஒரு பன் அளவுதான். பிறகு கேட்டார்: "அடுப்பக் கவுத்துப் பாத்தீங்களா? டியூபுக்குள்ள?"

சரி, அந்த டியூபுக்குள் என்ன இருந்தது என்பதற்கு முன்னால் அந்த டியூப் எதற்கு என்று பார்த்துவிடுவோம். அங்கேதான் வரலாறு தொடங்குகிறது.

கேஸ் அடுப்பை முதலில் காப்புரிமை பெற்று விற்றவராகச் சொல்லப்படுபவர் இங்கிலாந்தில் நார்தாம்ப்டன் ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஷார்ப். ஆண்டு 1826. நிலக்கரி வாயுவில் எரிந்த அடுப்பு அது. ஆனால் புகையும் கரியும் இல்லாத நீலச் சுடருக்கு 1855 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெர்மனியில் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பன்சனும், அங்கே கருவிகள் செய்துகொடுத்த பீட்டர் டெசாகாவும் உருவாக்கிய பர்னர் அது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் நாம் பார்த்த அதே பன்சன் பர்னர். கேஸ் எரிகிற இடத்துக்குப் போவதற்கு முன்பே காற்றை அதோடு கலந்துவிடு, அவ்வளவுதான் சூட்சுமம். மெல்லிய துளையிலிருந்து வேகமாகப் பாயும் கேஸ் பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் போகும். நம் அடுப்பின் அடியில் இருக்கும் மிக்ஸிங் டியூப் செய்வது இதைத்தான். தனியாக ஃபேனோ மோட்டாரோ கிடையாது.

நம் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. ஒரு பங்கு புரொப்பேன் முழுதாக எரிய 24 பங்கு காற்று வேண்டும், பியூட்டேனுக்கு 31 பங்கு. அதில் ஒரு பகுதி டியூப் வழியாக முதலிலேயே கலந்தாக வேண்டும், மீதி சுடரைச் சுற்றியிருந்து வரும். முதல் பகுதி குறைந்தால் கேஸில் உள்ள கார்பன் முழுதாக எரியாமல் மஞ்சளாக ஒளிரும், பாத்திரத்தில் கரியாக ஒட்டும். ஜெட்டின் துளையோ அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதன் விட்டத்தைப் பத்து சதவீதம் பெரிதாக்கினால் பரப்பு 21 சதவீதம் கூடும், கேஸும் அதற்கேற்ப அதிகமாக வரும். காற்று அதே அளவுதான். என் தையல் ஊசி செய்த வேலை இதுதான்.

இனி நம்ம ஊர் கதை. என் பாட்டி வீடு ஆம்பூரில். அங்கே பம்ப் ஸ்டவ் இருந்தது, மண்ணெண்ணெயில் 'உஸ்'ஸென்று எரிகிற பித்தளை ஸ்டவ். ஸ்வீடனில் ஃபிரான்ஸ் லிண்ட்குவிஸ்ட் 1892ல் உருவாக்கிய பிரைமஸ் ஸ்டவ்வின் வம்சம். ரிப்பேர் என்றால் இரண்டே. நிப்பிள் அடைத்தால் பின் குத்த வேண்டும், பம்ப் காற்று ஏறவில்லை என்றால் வாஷர். பம்புக் கம்பியின் முனையில் இருப்பது கிண்ணம் மாதிரி ஒரு தோல் வாஷர். அது காய்ந்து சுருங்கினால் காற்றைப் பிடிக்காது. வெளியே எடுத்து இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, விரலால் ஓரத்தை விரித்துத் திரும்பப் போட வேண்டும். பாட்டி இதை முருங்கைக்கீரை ஆய்கிற மாதிரிச் செய்வார். ஊர் முழுக்கத் தோல், அடுப்புக்குள்ளும் தோல் என்று தாத்தா கிண்டல் பண்ணுவார். (பின் குத்தி பின் குத்தியே பழகிய தலைமுறை கேஸ் ஜெட்டையும் குத்தியதில் ஆச்சரியம் இல்லை. நான் அந்தப் பாட்டியின் பேரன்.)

அந்த ஸ்டவ் முழுக்கப் பாட்டியுடையது. எண்ணெய் மட்டும்தான் ரேஷன் கடையுடையது. கேஸ் வந்ததும் இது மாறிவிட்டது.

இந்தியாவில் வீட்டுக்குச் சிலிண்டர் கேஸ் வந்தது 1955ல், பம்பாயில். பர்மா ஷெல் கம்பெனி 'பர்ஷேன்' என்ற பெயரில் விற்றது. 1965 அக்டோபரில் இந்தியன் ஆயில் கல்கத்தாவில் 'இண்டேன்' இணைப்பைத் தொடங்கியது. 1976ல் பர்மா ஷெல் அரசுடைமையாகிப் பிறகு பாரத் பெட்ரோலியம் ஆனது. எண்பதுகளில் கேஸ் இணைப்புக்கு எழுதிப்போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். டெலிபோனுக்கு இருந்த மாதிரி கேஸுக்கும் எம்.பி. கோட்டா இருந்தது, இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள்.

இணைப்பு கிடைத்த வீட்டில் ஒரு கோடு விழுந்தது. சிலிண்டரும் ரெகுலேட்டரும் கம்பெனி சொத்து, நாம் கட்டுவது டெபாசிட். அதற்கு இந்தப் பக்கம் இருக்கிற அடுப்பு நம் சொத்து. ரெகுலேட்டர் கெட்டால் ஏஜென்சியில் மாற்றிக் கொடுப்பார்கள். பர்னர் கெட்டால் அது நம் பாடு.

இது உலக நியதி ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் மின்விளக்கு வந்து கேஸ் விளக்கின் பிழைப்பில் கைவைத்தபோது, கேஸ் கம்பெனிகள் சமையல் பக்கம் திரும்பின. 1880களிலும் 90களிலும் அடுப்பை வாடகைக்கே கொடுத்தார்கள். ஏழைத் தொழிலாளி வீட்டில் ஒரு பென்னி போட்டால் கேஸ் வரும் மீட்டரையும் மாட்டினார்கள். அடுப்பு கம்பெனியுடையது என்பதால், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புவதும் கம்பெனியின் கவலை. அடுப்பு எரியாவிட்டால் பென்னி விழாது இல்லையா? தர்மம் எல்லாம் இல்லை, கணக்கு. ஆனால் அந்தக் கணக்கில் ரிப்பேரும் இருந்தது.

நம் பக்கம் ரிப்பேர் கணக்கில் வராமல் போன கதை கேஸுக்கு முன்பே உண்டு. ஹைதராபாத் பொறியாளர் எஸ்.பி. ராஜு புகையில்லா அடுப்பு பற்றி எழுதிய சிறு நூல் 1953ல் சென்னையில்தான் அச்சானது. மண்ணால் அடுப்பு கட்டி, புகைபோக்கி வைத்து, பெண்களின் கண்ணையும் நெஞ்சையும் காப்பாற்றுவது அவர் எண்ணம். 1983ல் மத்திய அரசு இதே போன்ற மேம்பட்ட அடுப்புகளைத் தேசியத் திட்டமாக எடுத்தது. 2002ல் நிறுத்துவதற்குள் கணக்குப்படி மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் கட்டப்பட்டுவிட்டன. ஆனால் புகைபோக்கியில் கரி அடைத்தால் யார் ஏறிச் சுத்தம் செய்வது? மண் வெடித்தால் யார் பூசுவது? பல வீடுகளில் அடைத்தது அடைத்தபடி கிடந்தது, மக்கள் பழைய மூன்று கல்லுக்கே திரும்பினார்கள். ராஜுவின் யோசனையில் எனக்குக் குறை தெரியவில்லை. திட்டம் போட்டவர்கள் எண்ணியது அடுப்புகளை, எரிகிற அடுப்புகளை அல்ல.

தமிழ்நாட்டில் 2006 தேர்தல் வாக்குறுதியாக வந்து, 2007ல் தொடங்கியது இலவச கேஸ் அடுப்புத் திட்டம். இதைக் கேலி பேசுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. விடிகாலை ஷூ கம்பெனி வேன் பிடிக்க வேண்டிய ஆம்பூர்ப் பெண்ணுக்கு அந்த அடுப்பு கொடுத்தது தினம் ஒரு மணி நேரம். விறகு பொறுக்கக் காட்டுக்குள் போக வேண்டிய மலைக்காரப் பெண்ணுக்கு அதைவிட அதிகம். மத்திய அரசின் உஜ்வலா 2016ல்தான் வருகிறது, நாம் ஒன்பது வருடம் முந்தி. ஆனால் இரண்டிலும் அந்தக் கோடு அப்படியே இருந்தது. அடுப்பைக் கையில் கொடுத்த நிமிடம் அது ஆயாவின் சொத்து. சொத்து என்றால் பொறுப்பும் அவருடையது. ரிப்பேர்க்காரரோ பதினான்கு வளைவுக்குக் கீழே.

பாயிடம் இதைச் சொன்னேன். அவர் தன் கணக்கைச் சொன்னார்: "மலைக்கு வந்தா எனக்கு ஒரு நாள் போச்சு தம்பி. அம்பது ரூவா வேலைக்கு ஐநூறு கேக்க முடியுமா? கேட்டா அந்தம்மா குடுக்குமா?" அவர் சொன்னதில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

ஏலகிரி திரும்பி, சிலிண்டரை மூடி, டியூபைக் கழற்றி, அடுப்பைக் கவிழ்த்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் மிக்ஸிங் டியூபுக்குள் மண். குளவிக்கூடு! சும்மா கிடந்த குழாயில் குளவி அழகாக வீடு கட்டிக் காற்று வழியில் முக்கால்வாசியை அடைத்திருந்தது. பக்கத்து பர்னர் டியூபில் சிலந்தி வலை. இது அபூர்வம் எல்லாம் இல்லை என்று பாய் முன்பே சொல்லியிருந்தார், ஊருக்குப் போய் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டு அடுப்புகளில் வழக்கமாக நடப்பதாம். மெல்லிய பாட்டில் பிரஷ்ஷால் தள்ளினேன். கைப்பிடி மண் விழுந்தது. ரெண்டு வருடப் புகைக்குக் காரணம் அவ்வளவுதான்.

கூடவே பார்த்தது: ரப்பர் டியூப் வெடித்திருந்தது. அதை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், இது பச்சை நிறத்துப் பழைய டியூப், எத்தனை வருடமோ. புது ஆரஞ்சு டியூப் போட்டு, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தேன். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். வாடை வந்தால் சிலிண்டரை மூடி, கதவைத் திறந்து, சுவிட்சைத் தொடாமல் வெளியே வந்து 1906க்குப் போன் போடுங்கள். ஜெட்டில் ஊசி குத்தாதீர்கள் என்பதைச் சொல்ல எனக்குத் தகுதி வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பற்றவைத்தபோது நீலமாக எரிந்தது. ஆயா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அட, இவ்ளோதானா?" என்றார். அந்த ரெண்டு வருடப் புகையில் அவர் இருமிய இருமல் எனக்கு ஞாபகம் வந்தது.

இப்போது டீ, சோறு எல்லாம் கேஸில். ராத்திரி அடுப்பின் பக்கவாட்டில் துணி போட்டு மூடி வைக்கிறார், குளவிக்கு இடம் கொடுக்காமல். குளிக்கிற தண்ணீர் மட்டும் இன்னும் விறகில்தான், அதை நான் கேட்பதில்லை.

போன வாரம் நிலாவூர்ப் பக்கமிருந்து ஒருவர் பைக்கில் இன்னொரு இலவச அடுப்பைக் கட்டிக்கொண்டு வந்தார். ஆயாவின் சொந்தமாம். இதில் டியூப் சுத்தமாக இருக்கிறது, ஆனால் திருகி இறுகிப்போய்த் திரும்பவே மாட்டேன் என்கிறது. அந்த வேலையில் நான் கைவைப்பதாக இல்லை, ஒழுகினால் ஆபத்து. சனிக்கிழமை வாணியம்பாடி போகும்போது பாயிடம் கொடுக்க வேண்டும்.