பாறையில் துளையிட்டவர்கள்

மலையேறிகளிடையே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் சர்ச்சை ஒன்று உண்டு. செங்குத்தான பாறையில் ஏறும் ஒருவன் தன் கையையும் காலையுமே நம்பி ஏற வேண்டுமா, அல்லது பாறையைத் துளைத்து இரும்பு முளைகளைப் பதித்து, அவற்றில் கயிற்றைப் பூட்டிக்கொண்டு ஏறலாமா என்பதே அது. ஓய்வும் வசதியும் மிகுந்தவர்களின் விளையாட்டுத் தகராறு என்று நமது வாசகர்கள் இதனைத் தள்ளிவிடக்கூடும். நாம் அவ்வாறு தள்ளிவிட விரும்பவில்லை. இந்தச் சர்ச்சையின் பழைய அத்தியாயம் ஒன்று மாத்தளை மாவட்டத்திலேயே கிடக்கிறது. அதை எழுதியவை தமிழ்த் தொழிலாளரின் கைகள்.

குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது கலேவெல. சிங்களத்தில் ‘கலே’ என்றால் பாறையின். ‘வெல’ என்றால் வயல். ஊரின் பெயரிலேயே கல்லும் நெல்லும் அருகருகே இருக்கின்றன. அங்கிருந்து தம்புள்ளையைக் கடந்து இனாமலுவைச் சந்தியில் திரும்பினால், காட்டின் நடுவே சுமார் 600 அடி உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது சிகிரியாக் குன்று. அந்தக் குன்றின் கதைக்கு வருமுன், மேனாட்டில் இச்சர்ச்சை நடந்த விதத்தைச் சற்றே பார்த்துவிடுவது நல்லது.

1911ஆம் ஆண்டில் பவுல் பிராய்ஸ் என்ற ஆஸ்திரிய இளைஞர் ஜெர்மன் ஆல்ப்ஸ் ஏடொன்றில் ஒரு கட்டுரை எழுதினார். பாறை விரிசலில் ஆணி அடித்து, அதைப் பிடித்து மேலேறுவது ஏமாற்று வேலை. ஆணி என்பது உயிராபத்து நேரும்போது மட்டும் தொட வேண்டிய பொருள். ஏறிய பாறையில் தானே இறங்கி வரவும் வல்லவனே ஏறத் தகுந்தவன் என்பது அவர் வாதம். அன்றைய பெரிய மலையேறிகள் பலர் மறுத்து எழுதினர். பிராய்ஸ் சொன்னபடியே வாழ்ந்தார். 1913இல் தன்னந்தனியாக ஏறும்போது விழுந்து, 27 வயதில் இறந்தார். அவர் தந்தை யூதர். பிராய்ஸ் இறந்த பதினோராம் ஆண்டில், ஜெர்மானிய ஆஸ்திரிய ஆல்ப்ஸ் சங்கம், யூதர் மிகுதியாக இருந்த தன் டோனவ்லாந்து கிளையையே வெளியேற்றியது. ஓர் ஆணியின் நியாயத்தை ஆண்டுக்கணக்கில் அலசிய கூட்டத்துக்கு மனிதனின் நியாயம் கண்ணில் படவில்லை போலும்.

விரிசலில் அடிக்கும் ஆணியாவது பாறை தரும் இடத்தில் நிற்பது. பிற்காலத்தில் வந்த போல்ட் என்னும் முளையோ, பாறை தராத இடத்தில் மனிதனே துளை உண்டாக்கிப் பதிப்பது. ஆகவே சர்ச்சை மேலும் கடுமையாயிற்று. 1970இல் இத்தாலியரான செசாரே மயெஸ்த்ரி, பத்தகோனியாவிலுள்ள செர்ரோ தோரே என்ற கொடுமுடியில் பெட்ரோலில் ஓடும் காற்றழுத்த யந்திரத்தை ஏற்றிச் சென்று, சுமார் 400 முளைகளை அறைந்தார். யந்திரத்தை அங்கேயே தொங்கவிட்டுத் திரும்பினார். 2012இல் ஓர் அமெரிக்கரும் ஒரு கனடியரும் சிகரமேறி, இறங்குகையில் அம்முளைகளில் நூற்றுக்கு மேற்பட்டவற்றைப் பிடுங்கி எறிந்தனர். அடிவாரத்து எல் சால்தேன் ஊரில் கொதிப்பு ஏற்பட்டது. போலீசார் வந்து அவர்களை விசாரித்தனர். அறைந்தவரும் ஊராரைக் கேட்கவில்லை, பிடுங்கியவரும் ஊராரைக் கேட்கவில்லை என்பதே இவ்விவகாரத்தில் நமக்கு முக்கியமாகப் படுகிறது.

அமெரிக்காவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் இதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. அங்குள்ள ‘அரைக் கவிகை’ என்ற பாறைமீது மனிதக் கால் படவே முடியாது என்று அரசாங்கப் புவியியல் குழு எழுதி வைத்தது. 1875இல் ஜார்ஜ் ஆண்டர்சன் என்ற தொழிலாளி துளையிட்டு, வளைய முளைகளை ஒவ்வொன்றாகப் பதித்து, அவற்றின் மேலேயே நின்று அடுத்ததைப் பதித்து உச்சியை அடைந்தார். மனிதக் கால் படாதது என்று வர்ணிக்கப்பட்ட அப்பள்ளத்தாக்கின் பூர்வ குடிகளை 1851இல் துப்பாக்கிப் படை விரட்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த வர்ணனையின் அருமை விளங்கும்!

இனிச் சிகிரியாவுக்கு வருவோம்.

தந்தை தாதுசேனனைக் கொன்று அரசெடுத்த காசியப்பன், ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்குன்றின் உச்சியில் மாளிகை அமைத்தான். கொல்லப்பட்ட தாதுசேனன் கலாவெவவைக் கட்டியவன். தன் செல்வமெல்லாம் அந்த ஏரி நீரே என்று அவன் காட்டியதாகச் சூளவம்சம் கூறும். மகனின் செல்வம் உச்சியில் இருந்தது. அங்கே ஏறுவதற்குச் சிங்கத்தின் உடலூடே செங்கற் படிக்கட்டுச் சென்றது. செங்கல் சரிந்து போயிற்று. சிங்கத்தின் பாதங்களும், படிகளைத் தாங்குவதற்காகப் பாறையில் வெட்டிய பள்ளங்களும் இன்றும் நிற்கின்றன. பாறையில் செய்த காயம் ஆறாது என்று போல்ட் எதிர்ப்பாளர் சொல்வதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆயிரத்தைந்நூறு ஆண்டு மழைக்குப் பின்னும் அப்பள்ளங்களை விரலால் தடவிப் பார்க்கலாம். அவற்றை வெட்டியவர் பெயரைச் சூளவம்சம் சொல்லவில்லை.

1853இல் ஆடம்ஸ், பெய்லி என்ற இரு ஆங்கில அதிகாரிகள் உச்சியை அடைந்தனர். ஆனால் பாறையின் மேற்கு முகத்தில், கண்ணாடிச் சுவருக்கு மேலே, குடைவில் இருந்த ஓவியங்களைக் கீழிருந்து தொலைநோக்கியால் பார்க்கலாமே தவிர எட்ட முடியவில்லை. 1889இல் தேசாதிபதி ஆர்தர் கோர்டனின் விருப்பப்படி, பொதுவேலைப் பகுதியைச் சேர்ந்த அலிக் மரே அப்பணியை மேற்கொண்டார். அவர் கையாண்ட முறை இன்றைய மலையேறிகளின் முறையேதான்: பாறையில் துளை, துளையில் இரும்புக் கம்பி, கம்பியைச் சுற்றிச் சீமெந்து, அதன் மேல் நின்று அடுத்த துளை. பாறையில் பேய் குடியிருக்கிறது என்று சொல்லி, சுற்றுக் கிராமத்தார் இவ்வேலைக்கு வர மறுத்துவிட்டனர். மரே தென்னிந்தியாவிலிருந்து தமிழ்க் கல்தச்சரை வரவழைத்தார். உயரம் கூடக் கூட அவர்களும் நடுங்கினர்; கருவிகள் கை நழுவிக் கீழே போயின. இறுதியில் உடல் மெலிந்த ஒருவர், மூன்று நாள் விரதமிருந்து பிரார்த்தனை செய்ய அவகாசம் தந்தால் தாம் ஏறுவதாகக் கூறினார். அவகாசம் கிடைத்தது, அவர் ஏறினார். வழி பிறந்தது. மரே குடைவினுள் படுத்தபடியே பதின்மூன்று உருவங்களைப் பிரதி எடுத்தார். சரித்திர நூல்கள் மரேயின் பெயரைத் தவறாமல் சொல்கின்றன. விரதமிருந்தவரின் பெயரைச் சொல்வதில்லை.

சிங்களவர் அஞ்சினர், தமிழர் துணிந்தனர் என்று மார்தட்டிக்கொள்ளும் பேர்வழிகள் நம்மிடையே இருப்பார்கள். அந்த வியாக்கியானத்தை நாம் அடியோடு நிராகரிக்கிறோம். கிராமத்து விவசாயிக்குச் சொந்தமாக ஒரு துண்டு வயலாவது இருந்தது. வேண்டாத வேலையை ‘மாட்டேன்’ என்று சொல்ல அது போதும். கட்டாய உழைப்பை எதிர்த்த பாரம்பரியமும் அவனுக்கு உண்டு. ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய், அல்லது பணம் கட்டு என்ற 1848ஆம் ஆண்டுச் சட்டமும் பிற வரிகளும் மாத்தளைக் கிளர்ச்சியை மூட்டின. அவ்வாண்டு ஜூலையில் தம்புள்ளை விகாரையில்தான் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். ஆகஸ்டில் புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். பேயைக் காரணம் காட்டிய விவசாயியின் ‘மாட்டேன்’ என்ற சொல்லுக்குள் பேயைத் தவிர வேறொன்றும் இருந்திருக்கலாம் என்று நாம் கருதுகிறோம்.

கடல் கடந்து கூலிக்கு வந்தவனின் நிலை வேறு. மன்னாரில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தை ஊடாக மாத்தளைக்குத் தோட்டத் தொழிலாளர் கால்நடையாக வந்த காலம் அது. கொலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் வழியோரத்திலேயே கிடந்தனர். கல்தச்சர் தோட்டக் கூலிகளல்லர், தொழில் கற்றவர்கள். ஆயினும் வயலும் ஊரும் கடலுக்கு அப்பால் இருக்கையில் மறுப்பது எளிதன்று. அவரால் கேட்க முடிந்ததெல்லாம் மூன்று நாள்.

பிராய்ஸின் கட்டுரையை இந்த இடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். அவர் ஆணியை மறுத்தார்; மறுக்க அவருக்கு உரிமை இருந்தது, ஏறாமலே வீடு திரும்பவும் உரிமை இருந்தது. மலையேறிகளின் தர்மம் முழுவதும் அந்த உரிமையின் மேல் கட்டப்பட்டது. மயெஸ்த்ரியைக் கண்டிப்பவர்களும் ஆதரிப்பவர்களும் தாமாகவே மலைக்குச் சென்றவர்கள். அத்தர்மத்தை நாம் பரிகசிக்கவில்லை. பொதுச்சொத்தான பாறையில் தன் வசதிக்காக மாறாத வடுவை விட்டுச் செல்லாதே என்பது நல்ல நியாயமே. காடும் குன்றும் தனியார் கைக்குப் போகும் இந்நாளில் மிக வேண்டிய நியாயமுங்கூட. ஆனால் துளை பாறைக்கு என்ன செய்தது என்று கேட்கும் அவர்கள், துளையிட்டவன் எந்த நிலையில் துளையிட்டான் என்று கேட்பதில்லை. சிகிரியா அக்கேள்வியைக் கேட்க வைக்கிறது.

மரேக்குப் பின் தொல்பொருள் ஆணையர் பெல் ஏணிகளும் கைப்பிடிக் கம்பிகளும் அமைத்தார். 1896, 1897ஆம் ஆண்டுகளில் அவர் இலாகாவின் ஓவியர் டி. ஏ. எல். பெரேரா இருபத்திரண்டு உருவங்களை எண்ணெய் வர்ணத்தில் பிரதி செய்தார். 1938இல் ஓவியக் குடைவுக்குச் சுழற்படிக்கட்டு வந்தது. 1967இல் விஷமிகள் ஓவியங்களின் மேல் வர்ணத்தைப் பூசினர். 1982இல் யுனெஸ்கோ இக்குன்றை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இன்று பாறையில் பதித்த இரும்புப் படிகளின் வழியாகவே பள்ளிப் பிள்ளைகளும் அந்நியப் பயணிகளும் ஏறுகின்றனர். இப்படிகளைப் பிடுங்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் உச்சி மறுபடியும் சிலருடைய சொத்தாகிவிடும். அமெரிக்கக் காடுகளில் மலையேறிகளின் முளைகள் இருக்கலாமா என்ற தகராறு அந்நாட்டுப் பாராளுமன்றம் வரை சென்று, 2025 ஜனவரியில் அவற்றை அனுமதிக்கும் சட்டமாக முடிந்ததற்கும் ஏறக்குறைய இதே நியாயத்தைத்தான் கூறினர்.

ஓவியங்களுக்குக் கீழேயுள்ள கண்ணாடிச் சுவரில், பெரும்பாலும் எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை குன்றைக் காண வந்தோர் பாட்டெழுதிக் கையொப்பமிட்டுச் சென்றனர். துறவிகளும் படைவீரரும் பெண்களும் அவர்களுள் உண்டு. பேராசிரியர் பரணவிதான அவற்றுள் 685 பாடல்களைப் படித்து 1956இல் வெளியிட்டார். 1889இல் கல்தச்சர்கள் துளையிட்டது அந்தச் சுவருக்கு நேர் மேலேதான்.