பல்செட்டுக்காகப் பிறந்த பசை

போன கோடை விடுமுறையில் அப்பத்தா ஊருக்குப் போயிருந்தேன். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பழைய இரும்புக் குழாயில் ஒரு எல்போ ஒழுகிக்கொண்டே இருந்தது. வாளி வைத்து, துணி சுற்றி, சைக்கிள் டியூபை இழுத்துக் கட்டி எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் பிளம்பர் அண்ணன் வந்தார். வால்வை அடைத்தார், துருவைச் சுரண்டினார், பையிலிருந்து இரண்டு நிறத்தில் இரண்டு துண்டு களிம்பை எடுத்து சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்தார். பிசைந்ததை மூட்டைச் சுற்றி அப்பி, ஈர விரலால் தடவி விட்டார். பத்து நிமிட வேலை.

அப்பத்தா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன்டா தம்பி, மாவு மாதிரில்ல இருக்கு? தண்ணி பட்டா கரைஞ்சிராதா?"

"கரையாது ஆத்தா, கல்லாயிரும்" என்றார் அண்ணன். அவ்வளவுதான் பதில். ஆனால் ஏன் கரையாது? ஈரத்திலேயே எப்படிக் கல்லாகிறது? எனக்கும் தெரியவில்லை. ஊர் திரும்பியதும் நூலகத்தில் தேட ஆரம்பித்தேன். குழாயில் ஆரம்பித்த தேடல் சுவிட்சர்லாந்துப் பல்செட் வரைக்கும் கொண்டுபோய் விட்டது! அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

அதற்கு முன்னால் என்ன செய்தார்கள்?

ஓட்டையை அடைப்பது ஒன்றும் புதுக்கலை இல்லை. கத்தியைக் கைப்பிடியில் பொருத்த அரக்கை உருக்கி ஊற்றினார்கள். படகின் பலகை இடுக்குகளில் நாரைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பூசினார்கள். இதற்குக் கலப்பற்று என்று பெயர். ஜன்னல் கண்ணாடி பதிக்க சுண்ணாம்புப் பொடியை ஆளி விதை எண்ணெயில் பிசைந்து வைத்தார்கள். பெயிண்டர்கள் "பட்டி பார்க்கிறோம்" என்பார்களே, அந்தப் பட்டியின் முன்னோர் இதுதான். இரும்புக் குழாய் மரையில் சணல் சுற்றி, ஈயச் செந்தூரத்தை எண்ணெயில் குழைத்துத் தடவி இறுக்குவார்கள். ஈயம் விஷம் என்பதைப் பற்றி அன்றைக்குப் பெரிதாக யாரும் கவலைப்படவில்லை.

இவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். அரக்கு, குங்கிலியம் எல்லாம் சூட்டில் இளகி, ஆறினால் இறுகுபவை. மறுபடி சூடுபட்டால் மறுபடி இளகும். ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுவது. அதனால் மேலே காய்ந்திருக்கும், உள்ளே பல நாள் பிசுபிசுப்பாகவே இருக்கும். தண்ணீர் சொட்டும் இடத்தில், உடனே, உள்ளும் புறமும் ஒன்றாக இறுகவேண்டும் என்றால் இரண்டுமே கைகொடுக்காது. அப்பத்தாவின் சந்தேகம் நியாயமானதுதான். அவர் வாழ்நாளில் பார்த்த பசைகள் எல்லாம் அப்படித்தான் இருந்தன.

மூன்று பேர், மூன்று தேவை

1934-ல் ஜெர்மனியின் ஐ.ஜி.ஃபார்பன் நிறுவனத்தில் பால் ஷ்லாக் என்ற வேதியியலாளர் எபாக்சைடு சேர்மங்களை அமைன்களோடு சேர்த்துப் பிசின் செய்யும் முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இன்று நாம் பிசையும் பட்டியின் அடிப்படை வேதியியலுக்கு இது மிக நெருக்கம். ஆனால் அது பசையாகக் கடைக்கு வரவில்லை. ஷ்லாக்கின் பெயர் நிலைத்தது வேறொன்றால். 1938-ல் அவர் கண்டுபிடித்த நைலான்-6 இழை!

இரண்டாவது ஆள் பியர் காஸ்டன், சுவிட்சர்லாந்துக்காரர். டி ட்ரே என்ற பல் மருத்துவப் பொருள் நிறுவனத்தில் வேலை. பல்செட்டின் அடித்தளத்துக்கு ஒரு நல்ல பொருள் தேடினார். வாயின் அச்சில் ஊற்றினால் இறுகும்போது சுருங்கக்கூடாது. ஒரு மில்லிமீட்டர் சுருங்கினாலும் தாத்தா பாட்டிகள் சாப்பிட முடியாதே! பிஸ்பீனால் ஏ, எபிகுளோரோஹைட்ரின் என்ற இரண்டையும் வினைபுரிய வைத்து ஒரு பிசினைச் செய்தார். அது சுருங்கவே இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவாகச் சுருங்கியது. 1938-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆனால் பல் உலகத்தில் அது விலைபோகவில்லை. உரிமம் பாசல் நகரத்தின் சீபா நிறுவனத்துக்குக் கைமாறியது. பல்லுக்கு வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட பொருள், எதன் மேல் பட்டாலும் விடாப்பிடியாக ஒட்டிக்கொள்கிறது என்பதை சீபா கவனித்தது. 1946-ல் சுவிஸ் தொழில் கண்காட்சியில் "அரால்டைட்" அறிமுகமானது.

மூன்றாவது ஆள் அமெரிக்காவின் சில்வன் கிரீன்லீ. டெவோ அண்டு ரெய்னால்ட்ஸ் என்ற பெயிண்ட் கம்பெனிக்காரர். அவருக்கு வேண்டியிருந்தது கெட்டியான பெயிண்ட். ஏறக்குறைய அதே பொருட்களைக் கொண்டு அவரும் அதே குடும்பப் பிசின்களுக்கு வந்து சேர்ந்தார்.

இழை, பல், பெயிண்ட் என்று ஆளுக்கொரு உலகத்தில் இருந்த மூவரில் ஒருவர்கூட ஒழுகும் குழாயைப் பற்றி நினைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை :)

ஏன் கரையாது?

எபாக்சி பிசின் மூலக்கூறின் இரு முனையிலும் ஒரு குட்டி முக்கோணம் இருக்கும். இரண்டு கார்பன், ஒரு ஆக்சிஜன். முக்கோண வளையம் என்பது வளைத்துப் பிடித்த மூங்கில் மாதிரி. எப்போது விடுபடலாம் என்று காத்துக்கொண்டே இருக்கும். இறுக்கியில் உள்ள அமைன் போன்ற பொருள் வந்து தொட்டதும் வளையம் திறந்து, இரண்டும் கைகோத்துக்கொள்ளும். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் பல கைகள். எனவே சங்கிலியாக நீளாமல், மீன் வலை மாதிரி எல்லாப் பக்கமும் பின்னிக்கொள்ளும். கடைசியில் அந்தக் கட்டி முழுவதும் ஏறக்குறைய ஒரே மூலக்கூறு! கரையவேண்டுமென்றால் மூலக்கூறுகள் தனித்தனியாகப் பிரியவேண்டும். பிரிய அங்கே தனித்தனி ஆள் இல்லை. சூட்டில் அரக்கு மாதிரி உருகாததற்கும் இதுவே காரணம்.

இந்த வினைக்குக் காற்று வேண்டாம். எதுவும் ஆவியாகி வெளியே போகவும் வேண்டாம். தேவையானது எல்லாம் அந்த இரண்டு துண்டுக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் ஈரத்திலும் இறுகுகிறது. ஆரம்பகால அமைன் இறுக்கிகள் சில ஈரத்தோடு ஒத்துப்போகவில்லை. 1950-களில் சோயா போன்ற எண்ணெய்களின் கொழுப்பு அமிலங்களிலிருந்து செய்த பாலிஅமைடு இறுக்கிகள் வந்தன. எண்ணெய் வம்சம் என்பதால் தண்ணீரை ஒதுக்கும் குணம் அவற்றுக்கு. அவற்றை "வெர்சமிட்" என்ற பெயரில் விற்றது யார் தெரியுமா? காலை உணவுத் தானியங்களுக்குப் பெயர்போன ஜெனரல் மில்ஸ்! பிசினிலும் இறுக்கியிலும் டால்க், சுண்ணாம்பு போன்ற பொடிகளை நிரப்பிக் களிம்பாக்கினால், வழியாமல் நிற்கும் பட்டி தயார்.

பாலத்திலிருந்து பாத்ரூமுக்கு

1960-களில் சிட்னி ஓப்பரா ஹவுஸின் அந்தப் பாய்மரக் கூரைகளைக் கட்டியபோது, வார்த்து வைத்த கான்கிரீட் துண்டுகளை எபாக்சி கொண்டுதான் ஒன்றோடொன்று ஒட்டினார்கள். 1983-ல் லண்டனில் ஒரு விளம்பரப் பலகையில் நிஜ ஃபோர்டு கார் ஒன்றை அரால்டைட்டால் ஒட்டித் தொங்கவிட்டு, இது டீ கெட்டிலின் கைப்பிடியையும் ஒட்டும் என்று எழுதிவைத்தார்கள். பெரிய கட்டடத்துக்கு வந்த சரக்கு அடுக்களைக்கும் வந்துவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

நம் நாட்டில் "எம்சீல்" என்பது கிட்டத்தட்ட பொருளின் பெயராகவே ஆகிவிட்டது. மகிந்திரா குழும நிறுவனம் ஒன்றிடம் இருந்த அந்தப் பிராண்டை ஃபெவிகால் புகழ் பிடிலைட் 2000-ல் வாங்கியது. 2020-ல் இந்தியாவின் அரால்டைட் வியாபாரத்தையும் அதே பிடிலைட் வாங்கியது. காஸ்டனின் பல்செட் பிசினின் வாரிசும் நம் பிளம்பர்களின் பட்டியும் இப்போது ஒரே கூரைக்குக் கீழே!

பாதி வேலை நம் கையில்

இதுவரை படித்ததில் எனக்கு உறைத்தது ஒன்றுதான். ஒரு பிளாஸ்டிக் வாளியை வாங்கினால் அதன் வேதியியல் தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது. எபாக்சி அப்படி இல்லை. வேதிவினையைப் பாதியில் நிறுத்தி, இரண்டு பொட்டலமாகக் கட்டி நம்மிடம் கொடுக்கிறார்கள். மீதியை முடிப்பது நாம். அதாவது, ஒழுகும் குழாய்க்குக் கீழே குந்தியிருக்கும் அந்தப் பத்து நிமிடம் நாமும் ஒரு கெமிக்கல் தொழிலாளி! தொழிலாளிக்கு உள்ள ஆபத்தும் பொறுப்பும் நமக்கும் உண்டு.

முதலில் ஆபத்து. அன்றைக்கு நானும் ஆசையாக வெறுங்கையால் ஒரு உருண்டை பிசைந்தேன். இரண்டு நாள் விரல் இடுக்கெல்லாம் அரிப்பு. கையுறை போடாதது என் தப்புதான். எபாக்சி வந்த கொஞ்ச காலத்திலேயே, 1950-களில், அதைக் கையாண்ட தொழிலாளர்களுக்குத் தோல் ஒவ்வாமை வருவது தெரிந்துவிட்டது. இறுகிய கட்டி பெரிதாக ஒன்றும் செய்யாது. இறுகாத பிசினின் சின்ன மூலக்கூறுகள்தான் வில்லன். ஒருமுறை உடம்பு அதை எதிரியாகக் குறித்துக்கொண்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் மறக்காது. பிறகு துளி பட்டாலும் தடிக்கும். நமக்கு வருஷத்தில் ஒருநாள். நம் பிளம்பர் அண்ணன்களுக்கு? தினமும் வெறுங்கை. ஒரு ஜோடி கையுறையின் விலை ஒரு டீ விலைகூட இல்லை.

பிஸ்பீனால் ஏ-வுக்கும் ஒரு கிளைக்கதை உண்டு. 1891-லேயே ரஷ்யாவின் தியானின் இதைத் தயாரித்துவிட்டார். 1936-ல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழு, இது பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் போலச் செயல்படுகிறது என்று எலிகளில் கண்டது. காஸ்டன் இதிலிருந்து பல்செட் செய்தது அதற்கு இரண்டே வருடம் கழித்து! உணவோடு தொடர்புள்ள பொருட்களில் இதைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது 2024 டிசம்பரில். இடையில் எண்பத்தெட்டு ஆண்டுகள். அதனால் குழாயின் வெளிப்புறம் சரி. ஆனால் குடிதண்ணீர்க் குடத்துக்கு உள்ளே, சமையல் பாத்திரத்தில் எல்லாம் பூசாதீர்கள். குடிநீருக்கு ஏற்றது என்று பொட்டலத்திலேயே எழுதியிருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

அடுத்து பொறுப்பு. 2006 ஜூலை 10 இரவு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலையில் சுமார் 26 டன் கான்கிரீட் கூரைப் பலகைகளும் இரும்பும் ஓடிக்கொண்டிருந்த ஒரு கார் மேல் விழுந்தன. ஒரு பெண் இறந்துபோனார், கணவர் காயத்தோடு தப்பினார். பலகைகளைத் தாங்கிய போல்ட்டுகள் மேற்கூரைத் துளைகளில் எபாக்சியால் ஒட்டப்பட்டிருந்தன. 2007-ல் வந்த விசாரணை அறிக்கை காரணத்தைச் சொன்னது. அங்கே பயன்பட்டது சீக்கிரம் இறுகும் வகை எபாக்சி. அன்றைய சோதனையில் அது பலமாகத்தான் இருக்கும். ஆனால் ஓயாமல் ஒரு பாரம் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருந்தால், கண்ணுக்குத் தெரியாமல் நாளுக்கு நாள் நெகிழும். போல்ட்டுகள் மெல்ல மெல்ல உருவிக்கொண்டு வந்துவிட்டன. 1999-ல் கட்டும்போதே சில போல்ட்டுகள் நழுவியதைப் பார்த்திருக்கிறார்கள். ஏன் என்று கடைசிவரை தோண்டிப் பார்க்கவில்லை.

குழாய்க் கசிவுக்கும் சுரங்கக் கூரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். ஃபேன் கொக்கி ஆடுகிறது, ஊஞ்சல் வளையம் லூசாகிவிட்டது, கொஞ்சம் பட்டி வைத்து அமுக்கிவிடலாம் என்று நினைக்காத வீடு உண்டா? ஓட்டையை அடைக்க இது நல்ல பொருள். தலைக்கு மேல் பாரத்தைத் தாங்க இது பொருள் இல்லை.

நண்பர்களுக்காகச் சுருக்கமாக: ஈரத்திலும் இறுகும் என்றாலும் தண்ணீர் பீச்சும்போது வைத்தால் தள்ளிவிடும், முதலில் வால்வை அடையுங்கள். துருவையும் பாசியையும் சுரண்டுங்கள், இல்லாவிட்டால் பட்டி துருவின் மேல்தான் ஒட்டும். இரண்டையும் பொட்டலத்தில் சொன்ன அளவில் எடுங்கள். "சீக்கிரம் காயட்டும்" என்று இறுக்கியைக் கூடப் போட்டால் கைகோக்க ஜோடி கிடைக்காத மூலக்கூறுகள் மிஞ்சி, கட்டி பலவீனமாகத்தான் ஆகும். இரண்டு நிறம் கொடுத்திருப்பது அழகுக்கு இல்லை. கோடு தெரியாமல் ஒரே நிறம் ஆகும்வரை பிசையவேண்டும் என்பதற்காக. மே மாத வெயிலில் சீக்கிரம் இறுகும், கொஞ்சம் கொஞ்சமாகப் பிசையுங்கள்.

போன வாரம் அப்பத்தாவுக்குப் போன் போட்டு இந்தக் கதையை எல்லாம் சொன்னேன். பல்செட் விஷயம் வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கேட்டார்:

"அப்ப அந்தப் பிளம்பர் தம்பிக்கு அரிக்குமா அரிக்காதா?"

நான் பத்து நாள் படித்து வந்து சேர்ந்த இடத்துக்கு அப்பத்தா ஒரே நிமிடத்தில் வந்துவிட்டார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு டப்பா கையுறை வாங்கிப் போகிறேன். பாதி அவருக்கு, பாதி எனக்கு.