அடிபட்ட நுரையீரலும் தொற்றுக் கண்ட நுரையீரலும்

எக்ஸ்ரே படத்தில் காற்று நிறைந்த நுரையீரல் கருப்பாகத் தெரியும். அடிபட்டு இரத்தம் கசிந்தாலும், வைரஸ் தாக்கி நீர் கோத்தாலும் அந்த இடம் வெளுத்துவிடும். எது எதனால் வெளுத்தது என்று பிரித்தறிய மருத்துவம் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது.

சேலத்தை ஒட்டிய அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வண்டி மோதினால் ஸ்டியரிங் ஓட்டுநரின் நெஞ்சில் இடிக்கும். இளவயதினரின் விலா வளைந்து கொடுக்கும். அது முறியாமலே உள்ளே நுரையீரல் கன்றிப்போகலாம். இப்படி நேர்வதை இத்தாலிய மருத்துவர் மோர்காக்னி 1761இலேயே எழுதிவைத்தார்.

1967இல் டென்வர் மருத்துவர் ஆஷ்பாவும் சக மருத்துவர்கள் சிலரும் கடும் மூச்சுத்திணறல் கண்ட 12 பேரைப் பற்றி லான்செட் இதழில் எழுதினர். அவர்களில் 7 பேர் பலத்த காயம்பட்டவர்கள், 4 பேர் வைரஸ் தொற்றாளர்கள். காரணம் வேறானாலும் நுரையீரல் ஒரேவிதமாகவே பழுதாகிறது என்பது அதன் சாரம். சிகிச்சைக்கு அது உதவியது. காரணத்தைக் கண்டுபிடிக்க உதவவில்லை.

அதற்கு உதவியது 1970களில் வந்த சி.டி. ஸ்கேன். கன்றல் அடிபட்ட இடத்துக்கு நேர் உள்ளே இருக்கும். மடல்களின் எல்லையை மதிக்காது. கோவிட் திட்டுகள் பெரும்பாலும் இருபுறமும் ஓரத்தை ஒட்டிக் கீழ்மடல்களில் படியும். காலமும் துப்புக் கொடுக்கும். கன்றல் சில மணி நேரத்தில் தெரியத் தொடங்கி, ஓரிரு நாளில் முற்றி, ஒரு வாரம் பத்து நாளில் பெரும்பாலும் கலையும். விபத்துக்கு முன்பே காய்ச்சலும் இருமலும் இருந்தனவா என்று உடன் வந்தவரிடம் கேட்பது எந்தக் கருவிக்கும் குறைந்ததல்ல. தொடை எலும்பு முறிந்தவருக்கு இன்னொரு குழப்பமும் உண்டு: மஜ்ஜைக் கொழுப்பு இரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைத்தால், ஒன்றிரண்டு நாள் கழித்து இருபுறமும் வெளுத்து, வைரஸ் தொற்றைப் போலவே காட்டும்.

2020இல் கோவிட் பரவியபோது, அடியா தொற்றா என்ற குழப்பம் விபத்துச் சிகிச்சைப் பிரிவுகளின் வாசலுக்கே வந்தது. வைரஸைக் கண்டறியும் ஆர்டி-பிசிஆர் பரிசோதனையின் முடிவு வர மணிக்கணக்கில் ஆகும். உள்ளே இரத்தம் கசிபவருக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. ஆகவே, முடிவு தெரியும்வரை தொற்று இருப்பதாகவே கொண்டு கவச உடையோடு சிகிச்சை செய்வது பல மருத்துவமனைகளில் வழக்கமானது. முடிவு வந்தாலும் சிக்கல் முழுதும் தீராது. அறிகுறியே இல்லாத தொற்றாளரும் வளைவில் விழலாம். மூக்கில் வைரஸ் இருப்பதாலேயே நெஞ்சிலுள்ள வெண்திட்டு வைரஸால் வந்தது என்று சொல்லிவிட முடியாது.

2021 டிசம்பர் 18 அன்று தமிழக அரசு ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தொடங்கியது. விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சை இதில் இலவசம். கன்றல் முற்றுவதும், கொழுப்பு அடைப்புப் பெரும்பாலும் வெளிப்படுவதும் ஏறக்குறைய இதே நேரத்தில்தான். மறுபடி எடுக்கும் எக்ஸ்ரேவை முதல் படத்தோடு ஒப்பிடுவதும் அப்போதே.