ஆர்கன் இசைஞர் பாக்கும் ஆர்ன்சுடாட் சபையாரும்

கி.பி. 1703இல் செருமனியின் ஆர்ன்சுடாட் நகரப் புதிய தேவாலயத்தில் ஆர்கன் இசைஞராக அமர்த்தப்பெற்றபோது யோகான் செபாசுடியன் பாக்கிற்கு அகவை 18. துருத்திக் காற்றால் குழல்களை ஒலிக்கச் செய்யும் அக்கருவி அவ்வாண்டில்தான் கட்டி முடிக்கப்பெற்றிருந்தது. எனினும் 1705ஆம் ஆண்டுக் கிறித்துமசுப் பாடல்களுக்கு அதனை வாசித்தவர் பாக் அல்லர். அவர் தமக்கு மாற்றாக விட்டுச் சென்ற உறவினரே. புக்சுடெகூடவின் வாசிப்பைக் கேட்க நான்கு வார விடுப்பில் லூபெக்கிற்கு நடந்தே சென்றவர், ஏறத்தாழ நான்கு மாதங்கள் கழித்தே திரும்பினார்.

1706 பிப்ரவரியில் திருச்சபை மன்றம் அவரை விசாரித்தது. தாமதத்தினும் கருதத்தக்க குற்றச்சாட்டு வேறொன்று: பாடல்களில் விந்தையான திரிபுகளையும் அயற்சுரங்களையும் கலந்து சபையாரைக் குழப்பினார் என்பது. சபையாரின் பாட்டிற்கு ஆர்கனே வழிகாட்டியாதலின், மன்றம் கண்ட குறையை முற்றிலும் தள்ளிவிட இயலாது. பின்னர் வைமாரில் உருவான ‘ஆர்கன் சிறுநூல்’ தொகுப்பிலுள்ள கிறித்துமசுப் பாடல்களில் மூலமெட்டு பெரும்பாலும் மேற்குரலில் சிதையாது நிற்க, புதுமை கீழ்க்குரல்களில் இயங்குகிறது.