செராம்பூர் பாப்டிஸ்ட் மிஷன்

வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், அப்போது டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த செராம்பூரில் 1800 ஜனவரியில் தொடங்கிய பாப்டிஸ்ட் சபையாரின் மிஷன். வில்லியம் கேரி, ஜாஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்ட் ஆகிய மூவரால் அறியப்படுவது. மத அமைப்பாகத் தொடங்கினாலும் வங்காள உரைநடை, இந்திய அச்சுத்தொழில், இதழியல், உயர்கல்வி, தாவரவியல் ஆகியவற்றின் வரலாற்றிலும் இதற்கு இடமுண்டு. ஒரே சமையல், ஒரே பந்தி, ஒரே கணக்கு என்று பல குடும்பங்கள் கூடி வாழ்ந்த வீடாக இது இருந்ததும், வங்காளத் தொழிலாளர்களும் பண்டிதர்களும் அதன் உழைப்பில் பெரும்பங்கு சுமந்ததும் இந்த வரலாற்றில் கவனிக்கத்தக்கவை.

பின்புலம்

இங்கிலாந்திலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குத் தப்பிச் சென்ற பிரிவினைச் சபையார் நடுவே, 1609இல் ஜான் ஸ்மித் நடத்திய ஞானஸ்நானத்திலிருந்து பாப்டிஸ்ட் சபைகளின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். நம்பிக்கையை அறிக்கையிடும் வயது வந்தவர்களுக்கே ஞானஸ்நானம், அரசு மனச்சாட்சியில் தலையிடலாகாது என்பவை இவர்களின் அடிப்படைக் கொள்கைகள். ஐரோப்பிய அனபாப்டிஸ்டுகளிடமிருந்து இவர்கள் எந்த அளவுக்குப் பெற்றார்கள் என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. தாமஸ் ஹெல்விஸ் 1612 அளவில் லண்டன் திரும்பி அங்கே சபை அமைத்தார். அடுத்த ஒன்றரை நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாப்டிஸ்டுகள் இரு கிளைகளாகப் பிரிந்தனர். கடவுள் தெரிந்துகொண்டவர்களுக்கே மீட்பு என்று நம்பிய கிளையில், பிற நாடுகளுக்குச் சென்று பிரசங்கிப்பது மனித வேலையா என்ற தயக்கம் நெடுநாள் இருந்தது.

அந்தத் தயக்கத்தை எதிர்த்து 1792இல் ஒரு நூல் எழுதியவர் கேரி. நார்தாம்ப்டன்ஷயரின் பாலர்ஸ்பரி கிராமத்தில் 1761இல் பிறந்து, செருப்புத் தைக்கும் தொழில் பழகி, பின்பு போதகரானவர். 1792 அக்டோபர் 2ஆம் நாள் கெட்டரிங் ஊரில் ஒரு விதவையின் வீட்டில் கூடிய சிறு குழு, ஆண்ட்ரூ புல்லரைச் செயலராகக் கொண்டு பாப்டிஸ்ட் மிஷனரி சங்கத்தை அமைத்தது. அன்று வாக்களிக்கப்பட்ட நன்கொடை 13 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸ்.

1793 - 1799

கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி இல்லாமல், டென்மார்க் கப்பல் ஒன்றில் கேரி குடும்பத்தோடு 1793 நவம்பரில் கல்கத்தா வந்தார். உடன் வந்தவர் ஜான் தாமஸ் என்னும் அறுவை மருத்துவர். சுந்தரவனத்தில் சில காலம் தங்கியபின், மால்டா பகுதியின் மத்னாபதியில் அவுரித் தொழிற்சாலை ஒன்றை மேற்பார்வையிட்டுப் பிழைத்தார். ராம்ராம் பாசு என்ற முன்ஷியிடம் வங்காளம் கற்றார். 1794இல் மகன் பீட்டர் சீதபேதியில் இறந்தான். மனைவி டாரதிக்கு மனநோய் கண்டது. 1807இல் இறக்கும்வரை அது நீங்கவில்லை. திருமணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதில் குறியிட்டவர் டாரதி. அவருடைய துயரம் பிறருடைய கடிதங்களின் வழியாக மட்டுமே நம்மை வந்தடைகிறது. பழைய மிஷன் வரலாறுகள் அவரைக் கணவரின் சோதனையாகவே எழுதின. அது நியாயமான பார்வை அல்ல.

செராம்பூர்க் குடும்பம்

1799 அக்டோபரில் மார்ஷ்மன், வார்ட் உள்ளிட்ட புதிய குழு வந்தபோது, கம்பெனியின் எல்லைக்குள் குடியேற இடம் கிடைக்கவில்லை. செராம்பூரின் டென்மார்க் ஆளுநர் ஓலே பீ அவர்களை ஏற்றுக்கொண்டார். அவர் முன்பு தரங்கம்பாடியில் பணியாற்றியவர் என்றும், அங்கே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் பிரசங்கங்களைக் கேட்டதே இந்த ஆதரவுக்குக் காரணம் என்றும் சொல்வர். கேரி 1800 ஜனவரி 10ஆம் நாள் மத்னாபதியை விட்டு அங்கே வந்து சேர்ந்தார். மிஷனைச் சேர்ந்தவர்களில் கிராண்ட், பவுண்டன், பிரன்ஸ்டன், தாமஸ் ஆகிய நால்வரும் 1801 முடிவதற்குள் இறந்துவிட்டனர். எஞ்சிய மூவரின் பெயரே வரலாற்றில் நிலைத்தது.

ஆற்றோரத்தில் பெரிய வீடு ஒன்றை வாங்கி அனைவரும் ஒன்றாக வாழ்ந்தனர். யார் சம்பாதித்தாலும் பணம் பொதுக்கணக்கில் சேரும். அவரவர் செலவுக்குச் சிறு தொகை மட்டும் தரப்படும். சனிக்கிழமை மாலைகளில் கூடி வாரத்தின் மனத்தாங்கல்களைப் பேசித் தீர்த்துக்கொண்டனர். இந்த வாழ்க்கைமுறையின் நெறிகளை 1805 அக்டோபரில் ஓர் உடன்படிக்கையாக எழுதி, ஆண்டுக்கு மூன்று முறை ஒவ்வொரு நிலையத்திலும் வாசிக்க ஏற்பாடு செய்தனர். கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் 1801இல் வங்காள ஆசிரியராகச் சேர்ந்த கேரியின் மாதச் சம்பளம் 500 ரூபாய் பொதுக்கணக்குக்கே போனது. கல்லூரிக்கும் ஆளுநர் மாளிகைக்கும் உடுத்திப் போகும்படியான ஆடைக்கென்று மட்டும் அவருக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஹன்னா மார்ஷ்மனும் கணவரும் நடத்திய விடுதிப் பள்ளிகளின் வருமானமும் அப்படியே சேர்ந்தது. மிஷனின் பெரும்பகுதிச் செலவு இங்கிலாந்தின் நன்கொடையால் நடக்கவில்லை. இந்த உழைப்பால் நடந்தது. ஹன்னாவின் பங்கை அண்மைக்கால ஆய்வுகளே உரிய அளவில் பேசுகின்றன.

முதல் ஞானஸ்நானம் 1800 டிசம்பர் 28ஆம் நாள் ஹூக்ளி ஆற்றில் நடந்தது. கிருஷ்ண பால் என்ற தச்சரும் கேரியின் மூத்த மகன் பீலிக்ஸும் ஒரே நாளில் மூழ்கி எழுந்தனர். கை மூட்டு விலகியபோது தாமஸிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டதே கிருஷ்ண பாலுக்கும் மிஷனுக்கும் ஏற்பட்ட தொடர்பு. பிற்பாடு அவர் இயற்றிய பாடல் ஒன்று ஆங்கிலமாகி இங்கிலாந்தின் சபைகளில் பாடப்பட்டது.

சாதியைச் சபைக்குள் அனுமதிப்பதில்லை என்பதில் செராம்பூர் தொடக்கத்திலேயே உறுதி காட்டியது. திருவிருந்தில் எல்லோருக்கும் ஒரே கிண்ணம். தரங்கம்பாடி, தஞ்சாவூர் லுத்தரன் சபைகள் இந்தக் கேள்வியில் நெடுங்காலம் விட்டுக்கொடுத்துப் போனதை நினைத்தால் வேறுபாடு விளங்கும். 1803இல் பிராமணரான கிருஷ்ண பிரசாத் தச்சர் கிருஷ்ண பாலின் மகளை மணந்தார். அதே ஆண்டு கோகுல் என்ற விசுவாசி இறந்தபோது அவருடைய சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் மார்ஷ்மன், பீலிக்ஸ் கேரி, பிராமணராயிருந்த பைரவ், முஸ்லிமாயிருந்த பீரு ஆகிய நால்வர். பிணம் தொடுவதில் இருந்த தீட்டு எண்ணத்தைத் தெரிந்தவர்களுக்கு அந்த ஊர்வலத்தின் பொருள் தெரியும்.

அச்சுக்கூடம்

அவுரி வணிகர் ஜார்ஜ் உட்னி கொடுத்த மரத்தாலான அச்சுப்பொறி ஒன்றைக் கொண்டு 1800 மார்ச்சில் வேலை தொடங்கியது. அச்சுத்தொழில் தெரிந்த வார்ட் பொறுப்பேற்றார். வங்காளப் புதிய ஏற்பாடு 1801இல் வெளிவந்தது. ராம்ராம் பாசு எழுதிய மன்னர் பிரதாபாதித்தியரின் வரலாறும் அதே ஆண்டில் அச்சேறியது. வங்காளி ஒருவர் எழுதி அச்சான முதல் வங்காள உரைநடை நூல் அதுவே எனப் பலரும் கொள்வர்.

எழுத்துகளை வெட்டியவர் பஞ்சானன் கர்மகார். சார்லஸ் வில்கின்ஸிடம் அக்கலையைப் பயின்ற கொல்லர். 1804 அளவில் அவர் இறந்தபின் மருமகன் மனோகர் தொடர்ந்தார். சீன எழுத்துகள் உட்படப் பல மொழிகளுக்கு அச்செழுத்து செய்தவர் அவர். 1839இல் அங்கே சென்ற பாதிரியார் ஒருவர், மனோகர் தம் குலதெய்வத்தின் படத்தின் கீழே உட்கார்ந்து வேதாகமத்துக்கு எழுத்து வெட்டிக்கொண்டிருந்ததைக் குறித்திருக்கிறார். அந்தத் தெய்வத்தின் முன்னால்தான் வேலை செய்வேன் என்பது அவருடைய நிபந்தனை. மிஷனும் அதை ஏற்றுக்கொண்டிருந்தது. இரு தலைமுறையாக அச்சுக்கூடத்தைத் தாங்கிய இக்குடும்பத்துக்குப் பழைய நூல்கள் ஒரு பத்திக்கு மேல் ஒதுக்கவில்லை.

1812 மார்ச் 11ஆம் நாள் மாலை அச்சுக்கூடத்தில் தீப்பிடித்தது. பல மொழி அச்செழுத்துகள், காகிதம், பன்மொழி அகராதிக்கான கையெழுத்துப் படிகள், ராமாயண மொழிபெயர்ப்பு ஆகியவை அழிந்தன. எரிந்த எழுத்துகளில் தமிழும் இருந்தது. கேரி அன்று கல்கத்தாவில் இருந்தார். மறுநாள் காலை மார்ஷ்மன் நேரில் போய்ச் சொன்னார். எழுத்து வார்க்கும் மூல அச்சுகள் தப்பியதால், சாம்பலில் உருகிக் கிடந்த ஈயத்தையே மீண்டும் வார்த்துச் சில வாரங்களில் வேலையைத் தொடங்கிவிட்டனர். செய்தி எட்டியபின் இங்கிலாந்தில் இரு மாதங்களுக்குள் 10,000 பவுண்டு அளவில் நன்கொடை திரண்டது. தஞ்சாவூர்ப் பகுதிக் கிறித்தவர்களுக்காகப் பப்ரீசியுஸ் ஐயரின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1813இல் இங்கேதான் அச்சிடப்பட்டது.

எத்தனை மொழிகளில் மொழிபெயர்த்தார்கள் என்பதில் கணக்குகள் வேறுபடுகின்றன. 30க்கு மேல் என்பாரும், 40 என்பாரும் உண்டு. வட்டாரப் பேச்சுகளைத் தனி மொழிகளாக எண்ணுவதா என்பதைப் பொறுத்தது அது. முழு வேதாகமமும் வங்காளம், ஒடியா, சமஸ்கிருதம், இந்தி, மராத்தி, அசாமியம் ஆகிய ஆறு மொழிகளில் வந்தது. சீன வேதாகமம் மார்ஷ்மனின் பொறுப்பில் 1822இல் நிறைவுற்றது. பல மொழிபெயர்ப்புகள் அவசரத்தில் செய்யப்பட்டவை, பிறகு கைவிடப்பட்டவை. மிருத்யுஞ்சய் வித்யாலங்கார் போன்ற பண்டிதர்களின் பங்கு எவ்வளவு என்பதும் விவாதத்துக்குரியது. பல மொழிகளில் முதல் வரைவு பண்டிதர்களுடையது, கேரி திருத்தியவர் என்பது பொருத்தமாகப் படுகிறது. மீனவர், பெண்கள், கூலியாட்கள் பேசுவதை அப்படியே பதிந்த 1801ஆம் ஆண்டின் உரையாடல் நூல் கேரியின் பெயரில் வந்தாலும், அந்தப் பேச்சு வங்காளிகளின் காதில் விழுந்த பேச்சு என்றே தோன்றுகிறது.

1818 ஏப்ரலில் திக்தர்சன் மாத இதழும், மே 23ஆம் நாள் சமாசார் தர்ப்பண் வார இதழும் தொடங்கின. பின்னதே முதல் வங்காளச் செய்தித்தாள் என்பர். கங்காகிஷோர் பட்டாசார்யரின் வங்காள கெசட் அதற்கு முந்தியது என்ற கருத்தும் வலுவாக உள்ளது. அதன் தொடக்க இதழ்கள் கிடைக்காததால் முடிவு எட்டப்படவில்லை. ஆங்கிலத்தில் வந்த பிரண்ட் ஆப் இந்தியா பின்னாளில் ஸ்டேட்ஸ்மன் நாளிதழோடு கலந்தது. 1820இல் காகித ஆலைக்காக நிறுவிய நீராவி இயந்திரம் இந்தியாவின் முதலாவது எனப்படுகிறது. பூச்சி அரிக்காத செராம்பூர்க் காகிதம் வெகுகாலம் புகழ்பெற்றிருந்தது.

அரசோடும் பிறரோடும்

1806 ஜூலையில் நடந்த வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி செராம்பூரையும் பாதித்தது. தலைப்பாகை, சமயக் குறி, தாடி பற்றிய ராணுவ ஆணைகளே அதற்கு நேர்க் காரணம் என்றாலும், மதமாற்ற அச்சமும் பேசப்பட்டதால் மிஷனரிகளைக் கம்பெனி சந்தேகத்தோடு பார்த்தது. ஆகஸ்டில் கல்கத்தா வந்த ஜேம்ஸ் சேட்டர், ராபின்சன் இருவரையும் திருப்பி அனுப்ப முயன்றது. 1807இல், நபிகளை இழிவுபடுத்திய பாரசீகத் துண்டறிக்கை ஒன்றுக்காக அச்சுக்கூடத்தையே கல்கத்தாவுக்கு மாற்றும்படி ஆணை வந்தது. டென்மார்க் ஆளுநர் கிரெப்டிங் மறுத்ததால் அது நின்றது. அந்தத் துண்டறிக்கையின் குற்றம் மிஷனுடையதே. 1813இன் சாசனச் சட்டத்துக்குப் பின்பே மிஷனரிகளுக்குச் சட்டப்படி வழி திறந்தது.

ராம்மோகன் ராய் 1820இல் இயேசுவின் போதனைகளை மட்டும் தொகுத்து வெளியிட்டபோது மார்ஷ்மன் கடுமையாக எதிர்த்தார். விவாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அதன் நடுவே வில்லியம் ஆதம் என்ற பாப்டிஸ்ட் மிஷனரி ராயின் பக்கம் சாய்ந்தார். உடன்கட்டை ஏறுதலைத் தடைசெய்த 1829 டிசம்பர் ஆணையை வங்காளத்தில் மொழிபெயர்த்தவர் கேரி. ஞாயிறு ஆராதனையை விட்டுவிட்டு அன்றே அதை முடித்தார். தாமதத்தால் ஓர் உயிரும் போகக்கூடாது என்பது அவருடைய எண்ணம்.

தோட்டம்

கேரி தம் தோட்டத்தைத் தம் தனி உலகமாகவே வைத்திருந்தார். தாவரவியலாளர் ராக்ஸ்பரோவின் தாவர நூல்களைப் பதிப்பித்தார். 1820இல் வேளாண், தோட்டக்கலைச் சங்கம் ஒன்றை நிறுவினார். கேரியா ஆர்போரியா என்ற மரம் அவர் பெயரால் வழங்குகிறது. இங்கிலாந்திலிருந்து விதைகள் வந்த பையை ஒருமுறை நிழலான மண்ணில் உதறிவிட்டார். சில நாள்களில் அங்கே ஒரு சிறு ஆங்கில டெய்சிச் செடி முளைத்தது. அதைப் பேணி ஆண்டுதோறும் விதையெடுத்ததை மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். 1823 அக்டோபர் வெள்ளத்தில் தோட்டம் பாழானது. இடுப்பில் காயம்பட்டு நடக்க முடியாமலிருந்த கேரி, உடல் தேறியதும் மறுபடி நட்டார்.

கல்லூரியும் பிளவும்

1818இல் தொடங்கிய செராம்பூர்க் கல்லூரி சாதி, மத வேறுபாடின்றி மாணவர்களைச் சேர்த்தது. டென்மார்க் மன்னர் ஆறாம் பிரெடரிக் 1827 பிப்ரவரி 23ஆம் நாள் பட்டம் வழங்கும் உரிமையைச் சாசனமாகத் தந்தார்.

அதே ஆண்டில் செராம்பூர் தன் தாய்ச் சங்கத்தை விட்டுப் பிரிந்தது. சொத்துகள் யார் பேரில் என்பதே வெளிப்படையான சிக்கல். புல்லர் 1815இல் இறந்தபின் வந்த நிர்வாகிகளுக்கு மூத்தவர்களை நேரில் தெரியாது. கல்கத்தாவில் கேரியின் உறவினர் யூஸ்டஸ் உள்ளிட்ட இளைய மிஷனரிகள் தனி அச்சுக்கூடமே வைத்துக்கொண்டனர். மார்ஷ்மனின் பிடிவாதத்தைச் சிலரும், லண்டனின் அதிகாரப் போக்கைச் சிலரும் காரணமாகச் சொல்வர். வார்ட் 1823இல் காலராவில் இறந்திருந்தார். 1830 அளவில் கல்கத்தா வணிக நிறுவனங்கள் திவாலாகி மிஷனின் பணமும் போயிற்று. கேரி 1834 ஜூன் 9ஆம் நாளும் மார்ஷ்மன் 1837 டிசம்பரிலும் இறந்தனர். அந்த 1837இல்தான் இரு தரப்பும் மீண்டும் இணைந்தன.

கிளைகள்

பர்மாவுக்கு 1807இல் போன சேட்டர் 1812இல் கொழும்பு சென்று இலங்கையின் பாப்டிஸ்ட் பணியைத் தொடங்கினார், சிங்கள இலக்கணமும் எழுதினார். அமெரிக்கரான அடோனிராம் ஜட்சன் 1812இல் கல்கத்தா லால் பஜார் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றதிலிருந்து அமெரிக்க பாப்டிஸ்டுகளின் ஆசியப் பணி பிறந்தது. பர்மா, நெல்லூர், அசாம், நாகர் மலைகள் எல்லாம் அதன் தொடர்ச்சி.

பிற்காலம்

டென்மார்க் 1845இல் செராம்பூரையும் தரங்கம்பாடியையும் 12.5 லட்சம் ரூபாய்க்குப் பிரிட்டிஷாருக்கு விற்றது. கல்லூரியின் சாசன உரிமை ஒப்பந்தத்தில் காக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஹாவெல்ஸ் இறையியல் வகுப்புகளுக்குப் புத்துயிர் தந்தார். 1915இல் முதல் இறையியல் பட்டங்கள் வழங்கப்பட்டன. 1918இன் வங்காளச் சட்டம் செராம்பூர் செனட்டை அமைத்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரி, சென்னை குருகுல், இலங்கையின் பிலிமத்தலாவை இறையியல் கல்லூரி ஆகியவை இதனோடு இணைந்தவை. 1970இல் வட இந்தியத் திருச்சபை உருவானபோது பாப்டிஸ்ட் சபைகளில் ஒரு பகுதி அதில் சேர்ந்தது. மிஷனரிகள் ஆராதனை நடத்திய புனித ஓலாவ் ஆலயத்தின் சீரமைப்புக்கு 2016இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது.