கோடி போகக் கூடாத குளம்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சத்தியவேடு பக்கத்து ஏரி நிரம்பினால், கரை மேல் கூட்டம் கூடிவிடும். ஏரி கோடி போகிறது, அதாவது நிரம்பி வழிகிறது என்றால் அந்தப் போகத்துக்குக் கவலை இல்லை. இன்று ஸ்ரீ சிட்டி தொழில் நகரம் இருக்கும் இந்த வட்டாரம், 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோது அதற்குப் பதிலாக ஆந்திரத்துக்குப் போனது. ஏரிகளுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. மண் கரை, பாசனத்துக்கு மதகு, மிஞ்சிய நீர் வழியக் கலங்கல், வழிந்ததை வாங்கிக்கொள்ளக் கீழே இன்னொரு ஏரி. உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டிலேயே இதைக் கவனிக்க ஏரி வாரியம் இருந்தது. வானம் எவ்வளவு கொட்டும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் முதலில் கலங்கலுக்கு இடம் விட்டார்கள்.

சத்தியவேடும் அடங்கியிருந்த பழைய சித்தூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் நிலைமை வேறு. குப்பம் பக்கம் சிகுருகுண்டாவில் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் தங்கம் எடுத்தது. எல்லை தாண்டினால் கோலார் தங்க வயல். 2001 பிப்ரவரி 28-ல் வயலை மூடினார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் போய் மூன்று நான்கு தலைமுறை சுரங்கத்தில் இறங்கிய தமிழ்க் குடும்பங்களுக்கு மிஞ்சியவற்றில் ஒன்று, சயனைடு மலை.

1887-ல் கிளாஸ்கோவில் ஜான் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் கண்டுபிடித்த முறையின் மிச்சம் அது. பாறையை மாவாக அரைத்து, நீர்த்த சயனைடு கரைசலில் ஊறவைத்தால் தங்கம் கரைந்து வரும். சக்கையை வெளியே கொட்டுவார்கள். அப்படிக் குவிந்தது சுமார் மூன்றேகால் கோடி டன். ஒவ்வொரு மழையும் அந்தச் சாம்பல் நிறச் சரிவில் பள்ளம் பறித்து இறங்கும். கோடையில் அதே மாவு காற்றில் பறந்து தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குள் வந்து படியும்.

அரைக்கும் செலவும் கட்டாத மட்டமான தாதுவுக்கு 1960-களின் கடைசியில் அமெரிக்காவின் நெவாடாவில் வேறொரு வழி பிடித்தார்கள். உடைத்த பாறையைப் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் குன்றாகக் குவித்து, உச்சியிலிருந்து கரைசலைச் சொட்டவிடுவது. அடியில் வடிவது ஒரு குளத்துக்குப் போகும். தங்கத்தைப் பிரித்தபின் இன்னொரு குளத்துக்கு வந்து, பம்பு வழியாக மறுபடி உச்சிக்கே ஏறும். பார்த்தால் ஏரிச் சங்கிலி போலத்தான் இருக்கும், ஆனால் இந்தக் குளம் ஒரு நாளும் கோடி போகக் கூடாது. வழிவது விஷம்.

ஆகவே கணக்கு தலைகீழ். பத்து ஹெக்டேர் விரிப்பின் மேல் ஒரே நாளில் 200 மில்லிமீட்டர் மழை பெய்தால், கிட்டத்தட்ட 2 கோடி லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் அள்ளினால் 1,600 நடைக்கு மேல். அவ்வளவும் விரிப்பு வழியே குளத்துக்குத்தான் வரும். அதோடு முடியவில்லை. புயல் அடித்தால் கரண்ட் போகும். கரண்ட் போனால் பம்பு நிற்கும். குன்றுக்குள் ஊறிக் கிடக்கும் கரைசல் முழுக்க மெல்லக் கீழே வடியும். மழையையும் இந்த வடிகாலையும் ஒன்றாகக் கூட்ட வேண்டும். எது பெரிதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டால் குளம் பத்தாது. இதற்கென்றே சாதாரண நாளில் காலியாகக் கிடக்கும் மூன்றாவது குளம் ஒன்றை வெட்டுவது வழக்கம். வெறும் பள்ளத்துக்கு ஏன் இவ்வளவு செலவு என்று கணக்குப் பிரிவு கேட்கும் குளமும் அதுதான்.

இந்தக் கணக்கில் கோட்டைவிட்ட இடங்கள் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மலைமேல் சம்மிட்வில் சுரங்கம் 1986-ல் தொடங்கியது. மழையும் பனியும் தருவதைவிட ஆவியாவது அதிகம் என்று நம்பினார்கள். நடந்தது நேர்மாறு, விரிப்பிலும் கசிவு. 1992 டிசம்பரில் கம்பெனி திவாலாகி விலகியது. சுத்தம் செய்ய அரசுக்கு 15 கோடி டாலருக்கு மேல் ஆனது.

ருமேனியாவின் பாயா மாரே கோலாருக்கு இன்னும் பொருந்தும் உதாரணம். அங்கே செய்தது பழைய சக்கையிலிருந்து மிச்சத் தங்கத்தை எடுக்கும் வேலை. ஒரு சொட்டும் வெளியே போகாத மூடிய சுற்று என்றார்கள். 2000 ஜனவரி 30-ல் மழையும் உருகிய பனியும் சேர்ந்து கரையை உடைத்தன. சுமார் ஒரு லட்சம் கன மீட்டர் சயனைடு நீர் திசா ஆறு வழியாக டான்யூபுக்குப் போனது. ஹங்கேரியில் மட்டும் ஆயிரம் டன்னுக்கு மேல் மீன் செத்தது. அவசரத்துக்கென்று மாற்றுக் குளம் எதுவும் அங்கே இல்லை.

நம் பக்கத்து மழை இன்னும் பொல்லாதது, அடுத்தடுத்து வரும். 2015-ல் நவம்பர் முழுக்க ஊறிக் கிடந்த ஏரிகளின் மேல்தான் டிசம்பர் 1 மழை இறங்கியது. 2021 நவம்பரில் திருப்பதி அருகே ராயல செருவு ஏரிக் கரையில் நீர் கசிய, சுற்றுக் கிராமங்களைக் காலி செய்தார்கள். அதே வாரம், 19-ம் தேதி, கடப்பாவில் பிஞ்சா அணைக் கரை உடைந்து வந்த வெள்ளம் கீழே அன்னமய்யா அணையின் மண் கரையையும் அடித்துக்கொண்டு போனது. அன்னமய்யாவின் ஐந்து மதகுகளில் ஒன்று வேலை செய்யவில்லை. வழிய இடம் இருந்த அணைக்கே இந்தக் கதி. முதல் மழையில் நிரம்பிய குளம் காலியாகும் முன்பே இரண்டாவது வரும் ஊரில், ஒரே நாள் மழையை வைத்துக் குளம் வெட்டுவது போதாது.

கோலார் வயலின் 13 சக்கை மேடுகளை ஏலம் விட 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புக்கொண்டது. அந்த வேலை வந்தால் கரைசல் குளங்களும் கூடவே வரும். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் எத்தனை பேருக்கு வேலை என்று கேட்பதோடு நிறுத்தாமல், எத்தனை நாள் மழைக்குக் குளம் வெட்டியிருக்கிறீர்கள் என்றும் கேட்க வேண்டும்.