தேவாங்கு ஏன் தாவாது? குரங்குக் குடும்பத்தின் நடை, உடை, பாவனை!

வால்பாறை மலைப்பாதையில காரை நிறுத்தினதும் சிப்ஸ் பாக்கெட்டைக் குறிவெச்சு ஓடி வருமே, அது நாட்டுக்குரங்கு. அதே மலையில சோலைமந்தி, கருமந்தின்னு இன்னும் சில வகைகள் இருக்கு. அவை பெரும்பாலும் மரத்தை விட்டு இறங்காததால நம்ம கண்ணுல படுறதில்ல. ஒவ்வொண்ணோட உடம்பும் ஒவ்வொரு விதமா நகர்றதுக்குன்னே அமைஞ்சது. அது தெரிஞ்சா, காட்டுக்கு நடுவுல ரோடு போட்டா எது தப்பிக்கும், எது மாட்டிக்கும்னும் புரிஞ்சிடும்.

தேவாங்கு, குரங்கு, மனிதக் குரங்கு, நாம... எல்லாரையும் சேர்த்து விலங்கியல்ல 'பிரைமேட்'னு சொல்றாங்க. உலகத்துல 500-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கு. இரண்டு கண்ணும் முன்பக்கம் பார்க்கும். அதனாலதான் அடுத்த கிளை எவ்வளவு தூரத்துல இருக்குன்னு கணிக்க முடியுது. கிளையை இறுக்கிப் பிடிக்கிற கை, பெரும்பாலும் தட்டையான நகம். இந்தக் கூட்டத்தை மூக்கை வெச்சு ரெண்டாப் பிரிக்கிறாங்க. நாய்க்கு மாதிரி ஈர மூக்கு உள்ளவை ஒரு கட்சி. மடகாஸ்கர் லெமூரும் நம்ம தேவாங்கும் அதுல சேர்த்தி. காய்ஞ்ச மூக்குக் கட்சியில குரங்குகளும் நாமும்!

தேவாங்குக்கு வால் கிடையாது. எடை கால் கிலோவுக்கு முன்னப்பின்ன இருக்கும். ஆட்காட்டி விரல் சுருங்கிப்போய், கட்டைவிரல் எதிர்ப்பக்கம் நல்லா விரியும். கை கிட்டத்தட்ட குறடு மாதிரி. ஒரு கையை எடுத்தா அடுத்த மூணும் கிளையை விடாது. சத்தமே இல்லாம ஊர்ந்து போய்ப் பூச்சியைப் பிடிக்க இது அபாரமான உடம்பு. ஆனா, தாவ மட்டும் முடியாது. இங்கதான் சிக்கல். ரெண்டு மரத்துக்கு நடுவுல நாலடி இடைவெளி விழுந்தாலும், இறங்கித் தரையில நடந்துதான் போகணும்.

கருமந்தி இதுக்கு நேரெதிர். கையைவிட கால் நீளம், கூடவே நீள வால். எம்பித் தாவுறதுக்கான உடம்பு. இலையைச் செரிக்கப் பல அறைகள் கொண்ட வயிறும் உண்டு. நாட்டுக்குரங்குக்கும் சோலைமந்திக்கும் அந்த வயிறு இல்லை, கன்னத்துல பை இருக்கு. கிடைச்சதை அடக்கிட்டு ஓடிப்போய் நிதானமாச் சாப்பிடும். சிப்ஸ் எங்கே போகுதுன்னு இப்போ தெரியுதா? நாட்டுக்குரங்கின் கையும் காலும் ஏறக்குறைய ஒரே நீளம். மரம், தரை எதுவானாலும் அதுக்குச் சரி.

கார்ட்டூன்ல குரங்கு வாலால தொங்குமே, நம்ம நாட்டுல எந்தக் குரங்காலயும் அது முடியாது. அது அமெரிக்கக் காடுகள்ல இருக்குற சில குரங்குகளோட வித்தை.

கையால தொங்கி ஊஞ்சலாடுறதுல கில்லாடி கிப்பன். வால் கிடையாது, காலைவிட கை நீளம். இந்தியாவுல காட்டுல வாழுற ஒரே மனிதக் குரங்கு இனம் இதுதான், அதுவும் வடகிழக்குல மட்டும். பார்க்ல கம்பியைப் பிடிச்சுத் தொங்குறோமே, அதுக்கு உதவுற தோள்மூட்டு நமக்கும் கிப்பனுக்கும் பொதுச் சொத்து. நாம காலால கிளையைப் பிடிக்கிறதை விட்டுட்டு ரெண்டு காலால நடக்கப் பழகினோம். கிப்பன் மரத்துலயே தங்கிடுச்சு. அசாமின் ஜோர்ஹாட் பக்கம் இருக்குற ஹோலோங்காபார் கிப்பன் சரணாலயத்தை ஒரு ரயில் பாதை ரெண்டாப் பிளக்குது. தரைக்கு வராத விலங்குக்கு அந்தத் தண்டவாளம் ஒரு மதில் சுவர்.

வால்பாறையில சோலைமந்திகளுக்கும் இதே கதைதான். எஸ்டேட்களுக்கு நடுவுல காடு துண்டு துண்டானதால ரோட்டுல இறங்கி அடிபட ஆரம்பிச்சது. இப்போ ரோட்டுக்கு மேல மரத்துக்கு மரம் தொங்கு பாலங்கள் கட்டியிருக்காங்க. அதுல நடந்தே ரோட்டைத் தாண்டுது.

தேவாங்குக்காக கரூர், திண்டுக்கல் மாவட்டங்கள்ல 11,806 ஹெக்டேர்ல கடவூர் சரணாலயம் 2022-ல அறிவிக்கப்பட்டுச்சு. தேவாங்குக்குன்னே நாட்டுல அறிவிச்ச முதல் சரணாலயம் அது. ஆனா, தேவாங்கு வயல் ஓரத்து வேலிப் புதர்கள்லயும் வாழும். அந்தப் பக்கம் ராத்திரி வண்டி ஓட்டும்போது ஹெட்லைட் வெளிச்சத்துல ரெண்டு ஆரஞ்சுப் பொட்டு மின்னினா, ஹார்ன் அடிக்காம நிறுத்துங்க. அதுக்குத் துள்ளி விலகத் தெரியாது.